புழுதியில் போட்டாச்சு

நவம்பர் 18, திங்கள். மழை விட்டு ஒரு நாள். வெயில் இல்லை.

இல்லை, தண்ணீர் கறுப்பாகத்தான் தெரியும். காலையில் அம்மாவிடம் போனில் மூன்று முறை சொன்னேன். செயற்கைக்கோள் படம் ஒன்றை அனுப்பியிருந்தேன். வயலில் தண்ணீர் பளபளவென்று இருக்குமே, ஏன் கரிச்சட்டி மாதிரி இருக்கிறது என்கிறாள்.

ராடார் அலை சாய்வாக வந்து விழுகிறது. அசையாத தண்ணீர் அதைக் கண்ணாடி போல அப்பால் தள்ளிவிடும். திரும்பி எதுவும் வராது. வராத இடம் கறுப்பு. நெல் வளர்ந்தால் அலை தண்ணீரிலும் தண்டிலும் பட்டு மேலே திரும்பும். அது வெள்ளை.

அம்மா: "அப்ப நம்ம தலைமுடி மாதிரின்னு சொல்லு. கறுப்பா இருந்து வெளுக்குது."

மூன்று வருட ஆராய்ச்சியை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை. பிறகு, "அதுல மீன் தெரியுமா?" தெரியாது. "அப்புறம் என்ன ராடாரு." பொறையாறு சந்தைக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிட்டாள்.

இன்று:
— வரைபடம். நாளை மாலைக்குள் சாருக்கு (என் ஆய்வு வழிகாட்டி).
— ஏ.சி. ஒழுகும் இடத்தில் பக்கெட்.
— பஸ் பாஸ்.

வரைபடம் எதற்கு என்று எழுதி வைக்கிறேன், எனக்கே மறந்துவிடுகிறது. நான்கு நாள் மழையில் நாகை மாவட்டக் கடைமடை (ஆற்றுப் பாசனத்தின் கடைசி நிலங்கள்) முழுக்கத் தண்ணீர். வெள்ளிக்கிழமை நாகப்பட்டினத்தில் அதிகாரிகள் கூட்டம். மழைக்கு முன் எங்கெங்கே பயிர் நின்றது என்று கேட்கிறார்கள். அங்கெல்லாம் முதலில் சேதம் கணக்கெடுக்கப் போவார்கள். ஆட்கள் குறைவு. பயிர் இல்லாத ஊருக்குக் கடைசியில்தான். மேகத்துக்கு மேலிருந்து மழைக்காலத்தில் நிலத்தைப் பார்க்க ராடாரால்தான் முடியும். அதனால் எங்களிடம் கேட்டார்கள்.

என் கணினி நிரலின் விதி எளிது. வயலில் தண்ணீர் விட்டால் படம் ஒருமுறை கறுப்பில் விழும், பிறகு எழும். விழுந்து எழுந்தால் நெல். விழாவிட்டால் தரிசு. செப்டம்பரில் நான் நேரில் போய் எழுதி வந்த நிலங்களைக் காட்டித்தான் அதைப் பழக்கினேன்.

ஒரு விஷயம். அந்த நிலங்களில் பதினொன்று. எல்லாம் கடைமடை. என் படிவத்தில் தரிசு. நிரலும் தரிசு என்கிறது. ஆனால் படங்களின் வெளிச்சத்தைத் தேதிவாரியாகக் கோடாக வரைந்தால், அக்டோபர் நடுவிலிருந்து கோடு மெல்ல ஏறுகிறது. கறுப்பில் விழவேயில்லை. விழாமல் ஏறுகிறது.

தரிசு நிலம் எதற்காக ஏற வேண்டும்?


நவம்பர் 19, செவ்வாய். தூறல்.

ஜெகன் (பக்கத்து மேசை, தகவல் தொடர்பில் ஆராய்ச்சி, கும்பகோணம்) பார்த்தான். "கோரைடி. மழைல கோரை எழும்பாதா?"

"பதினொரு எடத்துலயும் ஒரே மாதிரியா?"

"ஒரே மழைதானே."

பதில் சரியாகத்தான் இருக்கிறது. இருந்தும் உள்ளே உறுத்துகிறது. கோரை திட்டுத் திட்டாக வரும். இங்கே வெளிச்சம் வரப்பு வரைக்கும் சீராக ஏறி, வரப்பில் நிற்கிறது. கோரைக்கு வரப்பு தெரியுமா?

சாரிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார், அது நல்ல அறிகுறி இல்லை.

"பதினொண்ணுதானேம்மா. அவுட்லையர்னு, கணக்குல சேராததுன்னு தூக்கிடுங்க. இதை வெச்சு எழுதின கட்டுரையை ஜர்னல்ல ஏத்துக்கிட்டாங்க. இப்பப் போய் நோண்டாதீங்க."

தூக்கினேன். வரைபடம் கொடுத்தேன். நெல் பச்சை, தரிசு சாம்பல். கடைமடை பெரும்பாலும் சாம்பல். அழகாகவே இருந்தது.

கொடுத்த பிறகு படிவக் கட்டை எடுத்துப் பார்த்தேன். ஏன் என்று தெரியவில்லை. அந்தப் பதினொன்றில் ஒன்று, படிவ எண் பன்னிரண்டு. தலைஞாயிறு பக்கம். வசந்தா, வயது முப்பத்தைந்து இருக்கலாம், குத்தகை, கணவர் மஸ்கட்டில். என் நீல மை:

நடவு தேதி: இல்லை.
குறிப்பு: "புழுதியில் போட்டாச்சு" என்கிறார்.

கூடவே போட்டோ. உழுத காய்ந்த மண். வேறு எதுவும் இல்லை.

அன்றைய நாட்குறிப்பையும் தேடி எடுத்தேன். "ஒரு பெண் தன் நிலத்தைப் புழுதியில் போட்டுவிட்டதாகச் சொன்னாள். சிரித்துக்கொண்டே சொன்னாள்." கீழே கோடு வேறு போட்டிருக்கிறேன். அந்த வாக்கியம் எனக்கு அவ்வளவு பிடித்திருக்கிறது.

இப்போது இரண்டாவது பாதிதான் கண்ணில் படுகிறது. ஏன் சிரித்தாள்?

நாளை போய்க் கேட்க வேண்டும்.


நவம்பர் 20, புதன். மூட்டம். காற்று இல்லை.

தஞ்சாவூரிலிருந்து பஸ், திருவாரூரில் மாற்றம். வழியில் கொரடாச்சேரிப் பக்கம் நட்ட வயல்கள், பயிரின் தலை தண்ணீருக்கு மேலே தெளிவாக. தெற்கே போகப் போக வரப்புகள் காணாமல் போயின. கீழேயும் வானம், மேலேயும் வானம். என் படத்தில் இது மொத்தமும் கறுப்பு.

வசந்தா (இனி வ.) ரோட்டோரம் நின்றிருந்தார். முழங்கால் வரை சேறு, கையில் மண்வெட்டி. வடிகாலில் அடைத்திருந்த ஆகாயத்தாமரையை இழுத்துப்போட்டுவிட்டு வந்திருக்கிறார். என்னைத் தெரிந்துகொண்டார்.

"ஃபாரம் எழுதுன புள்ளதானே? என்னத்தா, தண்ணி பாக்க வந்தியா?"

நிலம் எது என்று கேட்டேன். கையைக் காட்டினார். தண்ணீர். உற்றுப் பார்த்தால் நுனிகள். மெல்லிய, மஞ்சளோடிய ஆயிரக்கணக்கான நுனிகள்.

"இது என்னக்கா?"

"என்னன்னா? நெல்லு."

"நடவு இல்லன்னு சொன்னீங்களே."

"ஆமா, நடலை."

"அப்புறம் எப்படி…"

மண்வெட்டியைக் கீழே ஊன்றினார். "நட்டீங்களான்னு கேட்ட. நடலைன்னு சொன்னேன். விதைச்சீங்களான்னு கேட்டியா?"

பையிலிருந்து படிவத்தை எடுத்தேன்.

"புழுதில போட்டாச்சுன்னு அன்னைக்கே சொன்னேனே. எழுதிக்கிட்டியே."

எழுதிக்கொண்டேன். விட்டுவிட்டதாக நினைத்தேன். பாழாகப் போட்டுவிட்டதாக. இதைச் சொன்னதும் அவர் என்னை மேலிருந்து கீழ் வரை பார்த்தார்.

"நீ எந்த ஊரு?"

"தரங்கம்பாடி."

"கடக்கரையா! ஏன் புள்ள, உங்க ஊர்ல வலை போட்டாச்சுன்னு சொன்னா, வலையத் தூக்கி எறிஞ்சுட்டாங்கன்னு எழுதுவியா?"

டீக்கடை பெஞ்சில் இருந்த இருவரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, ஒரு நிமிடம் கழித்து, வேறு மாதிரி.

கேட்டு எழுதியது: ஆற்றுத் தண்ணீர் கடைமடைக்கு எப்போது வரும் என்று சொல்ல முடியாது. நாற்று விட்டுக் காத்திருக்க முடியாது. அதனால் ஆவணியில் காய்ந்த மண்ணைப் புழுதியாக உழுது விதையைத் தூவிவிடுவது. மழை வரும்போது முளைக்கும். தண்ணீர் தேக்குவதில்லை. அதனால்தான் கோடு கறுப்பில் விழவில்லை. செப்டம்பரில் நான் காலடியில் மிதித்து நின்ற மண்ணுக்குள் விதை இருந்தது. போட்டோவில்கூட இருக்கிறது. தெரியாது, அவ்வளவுதான்.

என் நிரல், தண்ணீர் முதலில் வந்து சேரும் மேல்மடைக்காரர்களைப் போலவே விவசாயம் செய்கிறது.

இங்கே எத்தனை பேர் இப்படி என்றேன். "யாரு இப்படி இல்லன்னு கேளு."

பிறகு வ. சொன்னது, சிரிக்காமல்: "நாலு நாளா மூழ்கிக் கெடக்கு. இன்னும் ரெண்டு நாள் நின்னா அழுகிரும். அழுகுனப்புறம் தண்ணி வடிஞ்சா வெறும் சேறு. அப்ப வந்து பாக்குறவங்க இங்க என்ன இருந்துச்சுன்னு கேப்பாங்க. நான் என்னத்தக் காட்டுறது?"

கிராம நிர்வாக அலுவலரின் அடங்கல் பதிவேட்டில் பயிர் ஏறியிருக்குமே என்றேன். "வர்றேன்னாங்க. அதுக்குள்ள மழை வந்துருச்சு."

அப்படியென்றால் இங்கே நெல் இருந்தது என்று சொல்ல இருப்பது இரண்டு. ஒன்று இவர் வாய். இன்னொன்று என் படங்கள். படங்கள் சரியாகத்தான் சொல்லியிருக்கின்றன. அதற்கு மேல் சாம்பல் பூசியது நான்.

வரைபடம் என்ன செய்யும் என்று அவரிடம் சொல்லவில்லை. பஸ்ஸில் ஏறிய பிறகுதான் சொல்லவில்லை என்று தெரிந்தது.


நவம்பர் 21, வியாழன். காலை மழை, பிறகு வெளிச்சம்.

மீதிப் பத்துப் பேருக்கும் போன். ஒரே கேள்வி: விதைத்தீர்களா?

— "ஆமாம்மா." (ஏழு பேர்)
— "பின்ன? சும்மா வுடுவாங்களா?"
— "யாரு பேசுறது? பேங்கா?"  பிறகு, ஆமாம்.
— "தரிசுதாம்மா. அண்ணன் தம்பி பாகம் பிரியல. கோரையா மண்டிக் கெடக்கு."

கடைசியவரின் நிலத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். வெளிச்சம் ஏறுகிறது, ஆனால் திட்டுத் திட்டாக. செவ்வாய்க்கிழமை ஒரே மாதிரி என்று நான் சொன்னதும் தப்பு. ஜெகனிடம் சொன்னேன். "பதினொண்ணுல ஒண்ணு எனக்கு!" என்று ஊருக்கே கேட்கும்படி கத்தினான். பிறகு நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து, கேட்காமலேயே பாதி வேலையை வாங்கிக்கொண்டான்.

தூக்கிய நிலங்களைத் திரும்பச் சேர்த்து, பத்துக்குத் தரிசு என்ற குறியை நெல் என்று மாற்றினோம். மூன்றாவதாக ஒரு வகை சேர்த்தோம்: விழாமல் சீராக ஏறுவது. மறுபடி ஓட்டினோம். மதியம் இரண்டரைக்குக் கடைமடை பச்சையானது. கடல் வரை, உப்பளத்தின் ஓரம் வரை. எதிர்பார்த்ததுதான், இருந்தும் இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தேன்.

கட்டுரையில் பெருமையாக ஒரு துல்லிய எண் போட்டிருக்கிறோம். இன்று அது என்னவென்று புரிகிறது. நான் தப்பாகக் கேட்டதை இயந்திரம் எவ்வளவு சரியாகக் கற்றுக்கொண்டது என்பதன் அளவு.

சாரின் அறை. சொன்னேன். முழுவதும், வலை உட்பட.

"பழைய மேப்பை நேத்தே அனுப்பிட்டேனேம்மா."

"தெரியும் சார்."

"கட்டுரை?"

"அவங்களுக்கும் எழுதணும் சார்."

ஜன்னலைப் பார்த்தார். தன்னுடைய முதல் கட்டுரையிலும் ஒரு பிழை உண்டு, யாரும் கண்டுபிடிக்கவில்லை என்றார். எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை. பிறகு:

"அதுல உங்க பேரு முதல்ல இருக்கு, என் பேரு கடைசில இருக்கு. நாளைக்கு ரெண்டு பேரும் போவோம். ஆனா தப்பை நீங்க சொல்லுங்க. நான் சொன்னா விளக்கம் மாதிரி ஆயிடும்."

அவரிடம் இதை எதிர்பார்க்கவில்லை. நோண்டாதீங்க என்று சொன்னவரும் இவர்தான். இரண்டும் ஒரே ஆள்.


நவம்பர் 22, வெள்ளி. நாகப்பட்டினம். வெயில், கடல் காற்று.

நீள மேசை. பிஸ்கட். பழைய வரைபடம் ஏற்கெனவே சுவரில். அதன்படி ஊர்ப் பட்டியலும் தயார். வ.-வின் ஊர் கடைசிப் பக்கம்.

நான் புதியதைக் கொடுத்தேன். கூட்டத்தை நடத்திய அலுவலர் அம்மா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நேத்து சாம்பல். இன்னைக்குப் பச்சை. ஒரே நாள்ல வெளைஞ்சிருச்சா?"

சிரிப்பு. சார் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் தப்பாக் கேட்டுட்டேன் மேடம். நட்டீங்களான்னு கேட்டேன். விதைச்சீங்களான்னு கேக்கல."

கடைசி வரிசையில் கோப்புகளோடு இருந்த ஒருவர், தனக்குள் சொல்வதாக நினைத்து, சத்தமாக: "புழுதி விதைப்பு தெரியாமயா மேல ராடார் விட்டிருக்காங்க."

"உங்களுக்குத் தெரியுமில்ல? நேத்து இந்த மேப்பைப் பாத்தப்ப ஏன் சொல்லல?" என்றார் அந்த அம்மா.

"மேலேருந்து எடுத்த படம்னாங்க. நமக்குத் தெரியாதது அதுக்குத் தெரியும்னு நெனச்சேன் மேடம்."

இதை அப்படியே எழுதி வைக்கிறேன்.

அந்த அம்மா பேனா எடுத்தார். கடைசிப் பக்கத்தைப் பிரித்து முதல் பக்கத்தின் மேல் வைத்து, ஓரத்தில் எண்களைத் திருத்தினார். வ.-வின் ஊருக்கு மூன்றாம் இடம். நாளைக் காலையே கணக்கெடுக்கப் போகிறார்கள்.

வெளியே வந்து வ.-வுக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன், புதன்கிழமை சொல்லாமல் விட்டதையும். அந்தப் பக்கம் இன்ஜின் ஏதோ ஓடியது.

"கடைசிப் பக்கத்துலயா எழுதி வெச்சிருந்த எங்கள?"

"ஆமாக்கா."

"சரி, விடு. நாளைக்கு வர்றாங்கல்ல?"

"வர்றாங்க. தண்ணி நிக்குதா?"

"நிக்குது. மோட்டார் போட்டு எறைக்கிறோம்." பிறகு, "வடிஞ்சாப் பயிரு பொழைக்கும். நின்னா வர்றவங்க கண்ணுல படும். எதுக்கு வேண்டிக்கிறதுன்னே தெரியல புள்ள."

எனக்கும் தெரியவில்லை. மோட்டாரை நிறுத்தாதீர்கள், படங்கள் என்னிடம் இருக்கின்றன, பயிர் நின்றதை அவை சொல்லும் என்றேன். அவை சொல்வதை இந்த முறை ஒழுங்காகக் கேட்க வேண்டும் என்பதைச் சொல்லவில்லை.

சார் தஞ்சாவூர் பஸ்ஸுக்குப் போனார். நாளைக் காலை ஆறு மணி சுமாருக்குச் செயற்கைக்கோள் கடைமடைக்கு மேல் வருகிறது. அந்த நேரத்தில் வயலில் தண்ணீர் எத்தனை விரல், நுனி எத்தனை விரல் என்று யாராவது அங்கே நின்று அளக்க வேண்டும்.

கடைத்தெருவில் மர அடிக்கோல் ஒன்றும் ரப்பர் செருப்பும் வாங்கினேன். படிவத்தில் "நடவு தேதி" என்ற கட்டத்தை அடித்துவிட்டு "பயிர் எப்படி வைத்தீர்கள்?" என்று எழுதினேன். தலைஞாயிறு பஸ்ஸில் ஏறினேன்.