அவர் மனைவிக்குச் சொல்லி அனுப்பிய ஐந்து வாக்கியங்கள்

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற சுமைதூக்கும் தொழிலாளி (வயது 78),
ஆலய ஊழியக் குழு உறுப்பினர்,
ஆலயத்துக்குப் பின்தெரு, கடைசி வீடு.

பெறுநர்:
கண்காணிப்பாளர் அவர்கள்,
பொது மருத்துவமனை.

பொருள்: தீவிர சிகிச்சைப் பிரிவு வாசலில் நான் தவறான துண்டுத்தாள் கொடுத்தது – தண்டனையை என்னோடு நிறுத்த வேண்டுவது – இறந்தவர் சொன்னதை அவர் மனைவியிடம் சேர்ப்பிக்க உதவி கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல எங்கள் பாடகர் குழுவிலுள்ள தையற்காரம்மா எழுதுகிறார். எதையும் அழகுபடுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

1. பத்தொன்பது ஆண்டுகளாக, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எங்கள் ஆலயத்தார் பன்னிரண்டு பேர் தங்கள் மருத்துவமனைக்கு வருகிறோம். துணையில்லாத நோயாளிகளுக்குத் தலை சீவுவது, நகம் வெட்டுவது, ரொட்டி கொடுப்பது, கேட்பவர்களுக்காக ஜெபிப்பது, சுவிசேஷத் தாள் கொடுப்பது எங்கள் ஊழியம். தீவிர சிகிச்சைப் பிரிவின் செவிலியர் என்னைக் கண்டால், "தாத்தா, உங்க பையில எனக்கு ஒரு வாரம் லீவு இருக்கா?" என்று கேட்பார். அந்த அளவுக்குப் பழக்கம்.

2. தாள் இரண்டு வகை. பச்சை, நோயாளிகளுக்கும் உடனிருப்பவர்களுக்கும். நீலம், சாவு நேர்ந்த வீட்டாருக்கு. நான் நிறம் பார்த்துத்தான் கொடுப்பேன், ஒருநாளும் தவறியதில்லை. இம்முறை அச்சகத்தில் நிறத்தை மாற்றி அடித்துவிட்டார்கள். ஆராதனையில் செயலர் அதை அறிவித்தாராம். அந்நேரம் நான் பின்னறையில் ரொட்டிப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தேன்.

3. சென்ற மாதம் முதல் ஞாயிறு, மதியம் இரண்டரை மணி. காத்திருப்புக் கூடத்து ஜன்னலோர நாற்காலியில் ஓர் அம்மா, கணவரின் சட்டையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விருப்பமா என்று கேட்டுவிட்டுத்தான் தாள் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் விதி. பையில் ஐந்தாறு தாள்தான் மீதி. தீர்த்துவிட்டுப் போகும் அவசரத்தில் நான் கேட்கவில்லை. பச்சைத் தாளை அவர் கையில் வைத்தேன். "உங்களைப் பிரிந்து சென்றவர் இனி வேதனைப்படுவதில்லை" என்பது அதன் முதல் வரியாம். பிறகுதான் வாசிக்கக் கேட்டேன். அவர் நிமிர்ந்து, "டாக்டர் சொல்லிட்டாரா?" என்றார். என்ன கேட்கிறார் என்று நின்று யோசிக்காமல், எல்லோரிடமும் சொல்வதையே சொன்னேன்: "தைரியமா இருங்கம்மா."

4. அவர் சுவரைப் பிடித்தபடி படியிறங்கிப் போனார். தண்ணீர் பிடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். கணவர் இறந்துவிட்டார் என்று நம்பி, பிள்ளைகளிடம் சொல்ல வீட்டுக்குப் போயிருக்கிறார். அவருடைய போன் சுவரில் சார்ஜில் தொங்கிக்கொண்டே கிடந்தது. மூன்று மணிக்குக் கணவர் கண் விழித்து மனைவியைக் கேட்டிருக்கிறார். செவிலியர் வெளியே வந்து மூன்று முறை கூப்பிட்டார். பிறகு, "அவர் தனியா இருக்கார் தாத்தா, நீங்களாவது வாங்க" என்று என்னை உள்ளே அழைத்துப் போனார். செவிலியர் செய்த குற்றம் இவ்வளவுதான்.

5. "எங்க அவ? வெளியிலதானே இருந்தா?" என்று அந்தக் கணவர் கேட்டார். "வந்துருவாங்கப்பா" என்றேன். வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "நான் சொல்றத அப்படியே சொல்லிருங்க" என்று, மூச்சு வாங்கி வாங்கி ஐந்து வாக்கியம் சொன்னார். நாலு இருபதுக்கு உயிர் பிரிந்தது. அவர் கை என் கையில் இருந்தது. அது நான் இருந்திருக்க வேண்டிய இடம் இல்லை ஐயா.

6. ஐந்து மணிக்கு அந்த அம்மா அழுது ஓய்ந்த முகத்தோடு பிள்ளைகளையும் அண்ணனையும் கூட்டிக்கொண்டு வந்தார். செவிலியர் உயிர் பிரிந்த நேரத்தைச் சொன்னதும் அவருக்குப் புரிந்துவிட்டது. தாளை என் முன் நீட்டி, "உங்களுக்குப் படிக்கத் தெரியாதா?" என்றார். "தெரியாதும்மா" என்றேன். அண்ணன் என் சட்டையைப் பிடித்து வெளியே தள்ளினார். அதில் எனக்குக் குறையில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்ல முடியாமல் போயிற்று.

7. அதன்பின் எங்கள் குழு முழுவதற்கும் தடை. செவிலியருக்குத் தற்காலிகப் பணிநீக்கம். தவறு என் ஒருவனுடையது. என்னை வாசலிலேயே நிறுத்திவிடுங்கள். மற்ற பதினொரு பேரையும் அந்தச் செவிலியர் பெண்ணையும் விட்டுவிடுங்கள்.

8. அந்த அம்மாவின் முகவரி கேட்டு மூன்று முறை தங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். "அதெல்லாம் வெளிய குடுக்கக் கூடாது பெரியவரே" என்றார்கள். அதுவும் நியாயமே. தாங்களே ஆளனுப்பி அவரைக் கேளுங்கள். வர மனமிருந்தால், தங்கள் முன்னிலையில் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவேன். மன்னிப்புக் கேட்டு அவரைத் தொந்தரவு செய்ய மாட்டேன். ஜெபமும் பண்ண மாட்டேன்.

9. "இதுலேயே எழுதிரலாமே தாத்தா" என்கிறார் தையற்காரம்மா. இது பல மேசை ஏறி இறங்கும் காகிதம். அந்த அம்மாவுக்கு முன் வேறு யாரும் அதைப் படிக்கக் கூடாது. தினமும் காலையில் முகம் கழுவும் முன் ஐந்தையும் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். எனக்கு மறதி கிடையாது. பத்தொன்பது ஆண்டுகளில் எந்தக் கட்டிலில் யார் படுத்திருந்தார் என்று இன்றும் சொல்வேன். ஆனால் நேற்றுக் காலை, மூன்றாவது முன்னா நான்காவது முன்னா என்று சற்று நேரம் நின்றுவிட்டேன். பிறகு வந்துவிட்டது. நின்றது உண்மை.

ஆகவே, நாள் கடத்தாமல் அவரை அழைத்துக் கேட்கும்படி தங்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: ஆலய அலுவலக அறை
நாள்: 17ஆம் தேதி, வியாழக்கிழமை

இப்படிக்கு,
(இடது கைப் பெருவிரல் ரேகை)

முழுவதும் வாசித்துக் காட்டப்பட்டது. சரி என்றார். – எழுதியவர், தையற்காரம்மா.