உறுமல் நின்ற வீடு

மார்ச் 4

அன்புள்ள என் வீட்டுக்காரிக்கு,

நலம். நீ நலமா என்று கேட்டால், "இப்பத்தான் கேக்கத் தோணுச்சா" என்பாய். இருந்தாலும் கேட்கிறேன். போனை எடுக்காமல், எழுதச் சொல் என்று உன் அக்காவிடம் சொல்லிவிட்டாயாம். எழுத்தில்தான் நான் குறுக்கே பேச முடியாதாம். நாற்பது பேர் நோட்டைத் திருத்துகிற எனக்கே வீட்டுப்பாடம் கொடுத்துவிட்டாய்.

நம் நாய் குண்டூசிக்குப் பின்தொடையில் இருந்த கட்டியை எடுத்துவிட்டார்கள். ஒன்பது தையல். கழுத்தில் மாட்டிய பிளாஸ்டிக் கூம்போடு கதவு, நாற்காலி, என் கால் என்று முட்டிக்கொண்டு திரிகிறான். எடை நாலு கிலோ, கோபம் நாற்பது கிலோ. கூம்புக்கு அடியில் முடி சிக்குப் பிடித்துக் கட்டியாகிவிட்டது. நேற்று அமுக்கிப் பிடித்துக்கொண்டு சீப்பை வைத்தேன். சத்தமே இல்லாமல் கடித்தான், கட்டைவிரலில். இது மூன்றாவது தடவை. டாக்டர் கையை விரித்துவிட்டார். "காயத்தைத் தொடவே விடலைன்னா புழு வச்சிரும் சார்."

ஊரார் நாய்க்கெல்லாம் நாள் முழுக்க முடி வெட்டுகிறாய். நம் நாய்க்கு நாலு வரி எழுதக் கூடாதா? நேரிலேயே வந்தால் இன்னும் நல்லது.

உன் வாத்தியார்

மார்ச் 9

வாத்தியாருக்கு,

முதலில் விரலுக்கு ஊசி போட்டுக்கொள்ளுங்கள். தள்ளிப்போடாதீர்கள்.

சீப்பை பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். முடிக்கு அவசரமில்லை, காயத்துக்குத்தான் அவசரம். சிக்கைக் கத்தரியால் வெட்டவே கூடாது, தோலும் சேர்ந்து வந்துவிடும். தையல் பிரிக்கிற அன்று டாக்டரையே மயக்க ஊசி போட்டு மெஷினால் வழிக்கச் சொல்லுங்கள்.

கூடை மாதிரி இருக்கிற வாய்ப்பூட்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். உள்ளே வேகவைத்த கோழியைத் தடவி, அவனாக மூக்கை விடும்வரை பொறுங்கள். இரண்டு நாளைக்கு வாரை மாட்ட வேண்டாம். பிறகு வலி மாத்திரை கொடுத்து ஒரு மணி நேரம் கழித்து, கால் வழுக்காமல் துண்டு விரித்து நிறுத்துங்கள். தோளைத் தொட்டால் ஒரு துண்டு கோழி, இடுப்பைத் தொட்டால் ஒரு துண்டு. அமுக்கிப் பிடிக்காதீர்கள். உடம்பு விறைத்தாலோ ஓரக்கண் வெள்ளை தெரிந்தாலோ அன்றைக்கு அவ்வளவுதான்.

சத்தமே இல்லாமல் கடித்தான் என்று எழுதியிருந்தீர்கள். குட்டியில் அவன் நன்றாக உறுமுவான். ஒவ்வொரு தடவையும் நீங்கள் ஸ்கேலால் மேசையைத் தட்டி, "உஷ், என் வீட்டுல உறுமக் கூடாது" என்பீர்கள். எட்டே வாரத்தில் நிறுத்திவிட்டான். வருகிறவர்களிடமெல்லாம் அதைப் பெருமையாகச் சொன்னீர்கள். "எனக்குப் பிடிக்கவில்லை, தள்ளிப் போ" என்று சொல்ல அவனுக்கு இருந்தது அது ஒன்றுதான். அதைப் பிடுங்கிவிட்டால் மிச்சம் பல்தானே?

நான் வருவதற்கில்லை.

குண்டூசியின் அம்மா

மார்ச் 16

அன்புள்ளவளுக்கு,

கோழி வாங்கினேன். முகத்தைக் கூடைக்குள் விட அவனுக்கு நாலு நாள் ஆயிற்று. இன்று காயத்தைத் துடைத்தேன். கடிக்கவில்லை, ஆனால் என்னைப் பார்க்கவும் இல்லை.

நீ நாயைப் பற்றி மட்டும் எழுதவில்லை என்று புரியாத அளவுக்கு நான் மண்டு இல்லை. நீயும் முதலில் சண்டை போடுவாய். "போதும், பெருசு பண்ணாத" என்று வாயை அடைத்துவிடுவேன். அப்புறம் நீ பேசுவதையே விட்டாய். வீடு அமைதியாகிவிட்டது என்று பதினோரு வருஷம் நிம்மதியாக இருந்தேன். ஒரு காலையில் என் மதியச் சாப்பாட்டைக் கட்டி வைத்துவிட்டுப் பெட்டியோடு போய்விட்டாய். திடீரென்று போனாள் என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். வெட்கமாக இருக்கிறது.

வாத்தியார்

மார்ச் 28

என் அன்பே,

தையல் பிரித்தாயிற்று. முடியை வழித்துவிட்டார்கள், பார்க்க நனைந்த எலி மாதிரி இருக்கிறான். அதை விடு. இன்று காலை அவன் காலைத் துடைக்கக் குனிந்தேன். உறுமினான்! சின்னதாகத்தான், தொண்டைக்குள். உடனே கையை எடுத்துவிட்டேன். தரையில் உட்கார்ந்து அழுதேன், நீ சிரிப்பாய்.

ஸ்கேலைக் குப்பையில் போட்டுவிட்டேன். இனி நீயும் உறுமலாம், எவ்வளவு வேண்டுமானாலும். சனிக்கிழமை மாலை பஸ் நிலையத்தில் நானும் அவனும் காத்திருப்போம். வந்துவிடு.

உன்
வாத்தியார்

ஏப்ரல் 2

வாத்தியாருக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அவன் உறுமியதை நினைத்து அழுதேன். நீங்கள் கற்றுக்கொண்டது நிஜம்தான், நம்புகிறேன்.

பஸ் நிலையத்துக்குப் போக வேண்டாம். வாசலில் உங்கள் செருப்புச் சத்தம் கேட்பதாக நினைத்தாலே எனக்குத் தோள் விறைக்கிறது. நாய்க்கு அந்த விறைப்பு ஒரு மாதத்தில் போய்விட்டது. எனக்குப் போகும் என்று தோன்றவில்லை. அக்கா வீட்டில் நாய் கூடாது, அவன் உங்களோடே இருக்கட்டும். முடி வளரும்வரை காயத்தில் வெயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உறுமலாம் என்று எழுதியிருந்தீர்கள். எனக்குப் பிடிக்கவில்லை, தள்ளிப் போங்கள். அவனிடம் செய்தது போலவே கையை எடுத்துவிடுங்கள்.

குண்டூசியின் அம்மா