வாசலுக்கு நேர் எதிரே ஒரு முகம்

என் அருமை அம்மாவுக்கு,

உன் பாதத்தைத் தொட்டு, தலையை மட்டும் நிமிர்த்தி வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பரணில் நீ ஏற்றி வைத்த கண்ணாடியை இறக்கிவிட்டேன். முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும். நீ கோபப்பட்டு முடிப்பதற்குள் மற்றதையும் சொல்கிறேன்.

எந்தக் கண்ணாடி என்று நீ கேட்க மாட்டாய். என் புருஷன் போய், என் தலையை மழித்து உட்கார வைத்த அன்று, என் அறைச் சுவரிலிருந்து நீயே கழற்றிப் பழைய வேட்டியில் சுற்றிய கண்ணாடி. "இனிமே இது உனக்கு எதுக்குடி" என்றாய். அழுதுகொண்டேதான் சொன்னாய், எனக்கு நினைவிருக்கிறது. ஆனாலும் சொன்னாய். எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. இப்போது அறுபதைத் தாண்டிவிட்டேன். இடையில் என் முகம் என்ன ஆயிற்று என்று எனக்கே தெரியாமல் போய்விட்டது.

எதற்கு இறக்கினேன்? பாடத்துக்காக. நான் கலாசாலையில் சேர்ந்திருக்கிறேன், அம்மா. சித்திர வகுப்பு, முதல் வருடம்.

நீ இதற்குச் சிரிக்கிறவள் இல்லை. நான் சிறுமியாக இருந்தபோது, ஊரே வாய்க்கு வந்தபடி பேசினாலும், என்னைப் பட்டணத்தில் மாமா வீட்டில் விட்டு, கான்வென்ட் பள்ளிக்கு அனுப்பியவள் நீ. பாதிரி மதத்தில் சேர்த்துவிடுவார்கள் என்று அத்தை பயமுறுத்தினாள். "அவ பெருமாளை விட்டுட்டு எங்கேயும் போக மாட்டா. இங்கிலீஷ் படிச்சா வாய் ஒண்ணும் வெந்துடாது" என்றாய். அந்த நீயும் கண்ணாடியைக் கழற்றிய நீயும் ஒரே ஆள்தானா? நீ இருக்கும்போதே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்.

உன் திவசத்தன்று தம்பி ராகவனின் பெண் ருக்கு என்னிடம் வந்து, "அத்தை, பாட்டி எப்படி இருப்பா?" என்றாள். நம் வீட்டில் உன் படம் ஏது? உன் பிள்ளை ராகவன் கல்யாணத்தில் எடுத்த போட்டோ கூடத்தில் மாட்டியிருக்கிறது. அதில் எல்லோரும் இருக்கிறார்கள். ஓரத்தில் பாதி சாத்திய கதவு ஒன்று தெரியும். அப்பாவும் போய், நீயும் என்னைப் போலவே ஆகிவிட்ட காலம் அது. அந்தக் கதவுக்குப் பின்னால்தான் நாம் இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தோம்.

வட்ட முகம், கூர் மூக்கு என்று சொல்லிப் பார்த்தேன். அது யாருடைய முகமாகவும் இருக்கலாம். அடுப்புக்கரியால் தரையில் வரைந்து காட்டினேன். ருக்கு மரியாதை தெரிந்த பெண். "பூசணிக்காய் மாதிரி இருக்கே, அத்தை" என்று மெதுவாகத்தான் சொன்னாள்.

ஒரு காரியம் எனக்கு வரவில்லை என்றால் பொறுத்துக்கொள்ளும் குணம் எனக்குக் கிடையாது. அது நீ கொடுத்தது. பெரிய காஞ்சிபுரத்துக்கு நடந்தே போய்க் கலாசாலை வாசலில் நின்றேன். நெசவுக்காரர் வீட்டுப் பிள்ளைகள் புடவைக் கரைக்கு அன்னமும் மயிலும் எழுதப் பழகட்டும் என்று ஆரம்பித்த வகுப்பு. "இத்தனை வயதுக்கு மேல் கூடாதென்று எங்கேயாவது எழுதியிருக்கிறதா?" என்று குமாஸ்தாவைக் கேட்டேன். எழுதவில்லை. சேர்ந்துவிட்டேன்.

வாத்தியார் பெயர் சபாபதி. பட்டணத்தில் சித்திரம் படித்துவிட்டு வந்தவர். எனக்குப் பிள்ளை இருந்திருந்தால் அந்த வயதுதான் இருக்கும். முதல் நாள் முக்காலியின் மேல் ஒரு பித்தளைச் சொம்பை வைத்து, பார்த்து வரையச் சொன்னார். கான்வென்டில் அச்சடித்த ரோஜாவைப் பார்த்து அச்சுப் பிசகாமல் எழுதிய கை எனக்கு. சொம்பின் வாயை நல்ல முழு வட்டமாகப் போட்டேன்.

பின்னால் உட்கார்ந்திருந்த முருகேசன் என்ற பிள்ளையாண்டான் எட்டிப் பார்த்தான். "டேய், ஆயா சொம்பு நம்ம மேலயே கவுந்துக்கினு வருதுடா. தண்ணி கொட்டப் போவுது, நவுந்துக்க." வகுப்பே சிரித்தது.

"நான் உனக்கு ஆயா இல்லை. வாயை மூடிண்டு உன் சொம்பைப் பாரு" என்றேன்.

வாத்தியார் வந்து பார்த்தார். "அம்மா, நீங்க குந்திக்கினு இருக்கற எடத்துலருந்து சொம்பு வாய் முழு வட்டமாவா தெரியுது?"

"தெரிஞ்சா என்ன, தெரியாட்டா என்ன? வாய் வட்டம்தானே? காலம் பூரா தேய்ச்சவளுக்குத் தெரியாதா?"

"உங்களுக்குத் தெரிஞ்சது வேற, கண்ணுக்குத் தெரியறது வேறம்மா. தெரிஞ்சத வீட்டுல வச்சிட்டு வாங்க. இங்க கண்ண மட்டும் எடுத்துக்கினு வந்தா போதும்."

கோபத்தோடுதான் பார்த்தேன். அவர் காட்டியபடி பென்சிலை நீட்டி, ஒற்றைக் கண்ணை மூடி அளந்தேன். வட்டத்தைக் காணோம். பாதி மூடிய இமை போல ஒடுங்கிக் கிடந்தது. காலம் பூரா தேய்த்த சொம்பை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை, அம்மா! அன்றைக்கே எனக்கு இந்தப் படிப்பு பிடித்துப்போயிற்று.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கரிக்கோட்டை அழிக்க இங்கே ரொட்டித் துண்டுதான். கான்வென்டில் ரொட்டியைத் தொடுவதில்லை என்று நீ என்னிடம் சத்தியம் வாங்கினாய், தொட்டதில்லை. அதனால் இங்கே முதலில் சாதத்தை உருட்டிக்கொண்டு போனேன். காகிதமெல்லாம் பசை. "ஆயா படத்துக்குச் சோறு ஊட்டுதுபா" என்றான் முருகேசன். சொன்னதில் நியாயம் இருந்ததால் திட்டவில்லை. இப்போது ரொட்டியைத் தொடுகிறேன். தின்பதில்லை. வீட்டுக்கு வந்ததும் தலையோடு ஸ்நானம் பண்ணுகிறேன். சத்தியத்தில் எவ்வளவு மிச்சம் என்று நீயே பார்த்துக்கொள்.

சொம்பு, செங்கல், முட்டை, மடித்துப் போட்ட துணி என்று வருடம் போயிற்று. கடைசிப் பாடம் தலை. அவரவர் வீட்டில் கண்ணாடி பார்த்து அவரவர் முகத்தை வரைந்து வர வேண்டும். பரணில் ஏணி சாத்தினேன். ராகவன் ஓடி வந்தான்.

"அக்கா, அதை எதுக்கு எறக்கறே?"

"பாடம்."

"இதெல்லாம் நமக்கு அடுக்காது. அம்மா இருந்திருந்தா..."

"அம்மாவுக்கு நான் பதில் சொல்லிக்கறேன். நீ ஏணியைப் பிடி."

பிடித்தான்.

துணியைப் பிரித்ததும் இருபத்தெட்டு வயதுக்காரியைத் தேடினேன். இல்லை. வேறு யாரோ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுதிருப்பேன், ஆனால் பாடம் காத்திருந்தது. முக்காட்டை எடுத்தேன். எல்லோரும் கண்ணை நெற்றிக்கு ஏற்றி வரைகிறார்கள், கண் தலையின் சரிபாதியில்தான் இருக்கிறது என்று வாத்தியார் சொல்லியிருந்தார். வகுப்பில் யாரும் நம்பவில்லை. அவர்கள் மண்டையைக் கிராப்பும் குடுமியும் மறைத்துவிட்டன. எனக்கு மறைக்க என்ன இருக்கிறது? உச்சியிலிருந்து மோவாய் வரை அளந்தேன். கண் நட்ட நடுவில் இருந்தது. அன்று என் தலையிலிருந்து எதை எடுத்தீர்களோ, அது இல்லாததால்தான் எனக்குக் கணக்குச் சரியாக வந்தது. வெளிச்சம் உச்சியில் விழுந்து, காதுக்குப் பின்னால் நிழலாக இறங்குவது வரை ஒன்றையும் விடவில்லை. கண்ணாடியில் ரசம் போன இடம் ஒன்று கன்னத்தின் மேல் விழுந்தது. அதையும் வரைந்தேன். பார்த்ததைத்தானே வரையச் சொன்னார்கள்?

கருட சேவைக்கு வரும் ஜனங்களுக்காகக் கலாசாலையில் ஹாலைத் திறந்து படங்களை மாட்டுவது வழக்கம். வகுப்பில் முதலாவதாக வந்த படம் வாசலுக்கு நேர் எதிரே இருக்கும். வாத்தியார் என் படத்தை அங்கே மாட்டினார். "மண்டைய அப்டியே புடிச்சிட்டியே, ஆயா" என்றான் முருகேசன். ஆயா என்றதை இந்த முறை விட்டுவிட்டேன்.

நாம் எப்படி நடமாடினோம் என்று உனக்குச் சொல்ல வேண்டுமா? எதிர்வீட்டில் யாராவது புறப்பட்டால் சந்தில் ஒதுங்குவோம். கூடத்துக்குள் வருமுன் கனைப்போம். எதிரே வரக் கூடாதவர்கள் நாம். இப்போது என் முகம் எதிரே மாட்டியிருக்கிறது. அது ஒதுங்காது.

ராகவன் அன்று மாலையே வந்து நின்றான். ருக்குவைப் பெண் பார்த்துவிட்டுப் போன செங்கல்பட்டுக்காரர்கள் கருட சேவைக்கு வருகிறார்களாம். "பெருமாள் அந்த வழியாத்தான் ஏளறார். எல்லாரும் அந்த ஹாலுக்குள்ளே நுழைவா. நல்ல காரியம் பேச வரவா கண்ணுல மொதல்ல உன் மொட்டைத் தலையா படணும்? எனக்காக வேண்டாம், ருக்குவை நெனச்சுப் பாரு, அக்கா."

நினைத்துப் பார்த்தேன். அது ஒன்றுதான் என்னை அசைத்தது. ருக்குவைக் கூப்பிட்டேன். "நீ சொன்னா கழட்டிடறேன்டி."

அவள் அப்பாவைப் பார்க்கவில்லை. "நான் போய்ப் பார்த்தேன், அத்தை. பூசணிக்காய் மாதிரி இல்லை. இருக்கட்டும்" என்றாள்.

ராகவன் பிரின்ஸிபாலிடம் போனான். அவர் என்னைக் கூப்பிட்டு, பின் அறையில் நல்ல வெளிச்சம், படத்தை அங்கே மாற்றலாமே என்றார். "பின் அறையில் வெளிச்சம் கிடையாது, ஒரு வருடம் அங்கே வரைந்திருக்கிறேன். தாராளமாகக் கழற்றுங்கள். அந்த ஆணிக்குக் கீழே ஒரு நாற்காலி போட்டு, முக்காட்டை எடுத்துவிட்டு, திருவிழா முடியும் வரை நானே உட்கார்ந்துகொள்கிறேன். படமா, நானா?" என்றேன். முழுவதையும் இங்கிலீஷில் சொன்னேன். நீ படிக்கவைத்தது வீண்போகவில்லை. அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, படம் இருக்கட்டும் என்றார்.

கருட சேவையன்று விடியற்காலையிலேயே போய்ப் படத்துக்குப் பக்கத்தில் நின்றேன். சிலர் வாசற்படியோடு திரும்பினார்கள். ஒருவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு நுழைந்து பெஞ்சில் இடித்துக்கொண்டார். செங்கல்பட்டுக்காரர்கள் வந்ததும் ராகவன் மேல்வேஷ்டியை விரித்துப் பிடித்துக்கொண்டு, "இப்படி வாங்கோ, இந்தப் பக்கம் அன்னமெல்லாம் நன்னா இருக்கு" என்று நெட்டித் தள்ளாத குறையாக அழைத்துப் போனான். பிள்ளையின் தாயார் மட்டும் என்னையும் படத்தையும் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எல்லோரும் உள்ளே போகட்டும் என்று ஒருத்தி வெளியே சுவரோரம் ஒதுங்கி நின்றாள். பிள்ளைக்கு அத்தை. நம்மைப் போல நார்மடிப் புடவை, முக்காடு. அவள் மெல்லத் தலையை நீட்டினாள். படத்தைப் பார்த்தாள். பிறகு கனைக்காமல், விடுவிடுவென்று நேரே வந்தாள்.

"யார் இது?"

"நான்தான்."

இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். "மூக்கு கொஞ்சம் பெருசா விழுந்துடுத்தே."

"இல்லை. அளந்துதான் போட்டேன்."

"கன்னத்துல என்ன, கறையா?"

"அது கண்ணாடியோடது. என்னோடது இல்லை."

பிறகு முக்காட்டுக்குள் கையை விட்டுத் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டு, "எனக்கும் இப்படித்தான் இருக்குமா?" என்று கேட்டாள்.

வெளியே அதிர்வேட்டு முழங்கியது. உள்ளே இருந்தவர்கள் பெருமாளைச் சேவிக்க வாசலுக்கு ஓடினார்கள். எங்களைத் தாண்டித்தான் போக வேண்டும். அவள் பழக்கத்தில் ஒதுங்கப் பார்த்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். நாங்கள் அங்கேயே, வாசலைப் பார்த்து நின்றோம். போகிறவர்கள்தான் ஒதுங்கிப் போனார்கள். நின்ற இடத்திலிருந்தே கருடன் தெரிந்தது.

செங்கல்பட்டிலிருந்து இன்னும் பதில் வரவில்லை. ராகவன் என்னோடு பேசுவதில்லை. இந்தக் கடிதத்தை அச்சில் போடச் சொல்லிப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன், பேசாவிட்டாலும் படிப்பான். ருக்கு நேற்று என்னிடம் ஒரு கரித்துண்டு கேட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

வருகிற வருடம் நினைவிலிருந்து வரைகிற பாடம் உண்டு. உன் முகத்தை எங்கே போய்த் தேடுவது என்று இத்தனை நாள் திகைத்துக்கொண்டிருந்தேன். கண்ணாடி முன் உட்கார்ந்து அளந்துகொண்டு வந்தபோது மோவாயில் கை நின்றுவிட்டது. அது என்னுடையது இல்லை. என்னைக் கான்வென்டுக்கு அனுப்பக் கூடாதென்ற அத்தைக்குப் பதில் சொன்னபோது நீ இறுக்கிக்கொண்டாயே, அந்த மோவாய். அங்கிருந்து ஆரம்பிக்கப்போகிறேன். முக்காடு போட மாட்டேன். நீ கதவுக்குப் பின்னால் போகப் பார்ப்பாய், விட மாட்டேன். நம் கூடத்தில், வாசலுக்கு நேர் எதிரே உன்னை மாட்டுவேன். நல்ல காரியத்துக்குப் புறப்படுகிறவர்கள் உன் முகத்தில் விழித்துவிட்டுப் போகட்டும். இது சத்தியம். ரொட்டிச் சத்தியம் மாதிரி இல்லை.

நீ பெற்று, நீ படிக்கவைத்து, இனி நீயே வந்தாலும் தடுக்க முடியாத
உன் மூத்த மகள்,
வேதவல்லி