கைப்பைக்குள் பவுடர் டின்

கைப்பையைத் திறந்ததும் பவுடர் வாசம் அடித்தது. உன் வீட்டிலிருந்து நேற்று நான் எடுத்துவந்த டின். மூடி கழன்று பைக்குள் எல்லாம் வெள்ளை.

நீ இல்லை என்பதை இன்னும் ஒரு வசனமாக எழுத வரவில்லை. "கிளினிக்கில காணுவம் கா" என்று போனை வைத்தவள் நீ. காய்ச்சல் என்றார்கள். அடுத்து வந்தது உன் மௌத்துச் செய்தி.

ஆஸ்பத்திரியில் நம் பிள்ளைகளுக்கு அடுத்தடுத்த கட்டில். விழுங்க முடியாததால் இருவருக்கும் வயிற்றில் துளையிட்டு, பால் போகக் குழாய் வைத்திருந்தார்கள். என் மகனின் சட்டையைத் தூக்கியதுமே நான் அழத் தொடங்கிவிடுவேன். "முதல்ல ஈரத்த ஒத்தி எடு கா. அழுறதெண்டா பிறகு சேந்து அழுவம்" என்பாய்.

குழாயைச் சுற்றிப் பவுடர் போடவே கூடாது என்று நர்ஸ் சொல்லியிருந்தா. உன் மாமி ஆசையாகக் கொண்டுவந்த டின்னைத் தலையணைக்குள் ஒளித்துவிட்டு, மகளைக் காட்டி, "இவட கலியாணத்துக்குப் போடுவம் மாமி" என்றாய். மாமிக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

நேற்றுக் காத்தான்குடிக்கு வந்தேன். வீடு நிறையச் சனம். உன் மகள் புதுச்சட்டையோடு பாயில் கிடந்தாள். வாசலிலேயே பவுடர் மணந்தது. பாயருகில் மாமியின் அதே டின். "தாயில்லாப் பிள்ளையெண்டு வாறாக்கள் எல்லாரும் பவுடர் போட்டு வடிவாக்கி விடுறாங்க தங்கச்சி" என்றார் உன் கணவர்.

சட்டையைத் தூக்கினேன். குழாயைச் சுற்றிக் கசிந்த பாலும் பவுடரும் சேர்ந்து சுண்ணாம்பாய் இறுகிக் கிடந்தது. இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஊறவைத்து எடுத்தால், கீழே தோல் உரிந்து சிவந்த சதை. செய்தி கேட்டபோது விளங்காதது அப்போதுதான் விளங்கியது: நீ செத்துப்போய்விட்டாய்.

மகள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். "தேய்க்காதீங்க. உம்மா ஒத்தித்தான் எடுப்பா."

ஒரு பக்கம் ஒத்தி எடுத்துவிட்டு, உன் கணவரிடம், "நானா, கையைக் கழுவிட்டு வாங்க, மற்றப் பக்கம் நீங்க" என்றேன்.

"எனக்கு ஏலாது தங்கச்சி."

"முதல்ல ஈரத்த ஒத்தி எடுங்க. அழுறதெண்டா பிறகு சேந்து அழுவம்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அது யாருடைய பேச்சென்று அவருக்குத் தெரியாதா? துணியை வாங்கிக்கொண்டார்.

இன்று கிளினிக்கில் காட்டினாராம். பூச மருந்து கொடுத்து, தோல் ஆறிவிடும் என்றார்களாம். பின்னேரம் தானே கழுவி, ஒத்தி, காயவிட்டதாகச் சொன்னார்.

டின்னை மாமி தேடிக்கொண்டிருப்பா. இப்போதைக்குக் கொடுக்கமாட்டேன். உன் மகளின் கலியாணத்துக்குக் கொண்டுவாறன் கா.