மூன்றாம் ஓலை

17-8-72, வியாழன்

காலையிலிருந்து தூறல். டிசைன் அட்டைகளை ஈரம் படாமல் பரண்மேல் ஏற்றியாயிற்று. பாளையத்துத் தறிக்காரர் ஒருவர் வந்து சத்தம். சேலை பார்டரில் மயிலுக்கு மூக்கே விழவில்லையாம். அட்டையில் ஓட்டை எப்படியோ, தறியில் டிசைன் அப்படி. ஓட்டை குத்தினவன் நான். தப்பு என்னுடையது. வேறு குத்திக் கொடுத்தேன்.

மாலையில் போதகர். குளோரியின் அப்பா, எனக்கு மாமனாராகப் போகிறவர். எங்கள் கல்யாண ஓலையை இரண்டு ஞாயிறு சர்ச்சில் வாசித்துவிட்டார். மூன்றாவது வாசிப்பு இந்த ஞாயிறு; அதிலும் யாரும் தடை சொல்லாவிட்டால்தான் கல்யாணம். நான் நம்பிக்கையை விட்ட சேதி எப்படியோ அவர் காதுக்குப் போயிருக்கிறது.

"இன்னாப்பா சாமுவேல், சர்ச்சுல திருவிருந்து எடுக்கறதே இல்லையாமே?"

மயில் கதையைச் சொன்னேன். "அட்டை குத்தினவரு கடவுள்தானே ஐயா? நான் விட்டுட்டுப் போவேன்னு தெரிஞ்சே குத்திட்டு, அப்புறம் சேலையை நெருப்புல போடறது இன்னா நியாயம்?"

"நீ சேலை இல்லப்பா. தறியில உக்காந்துக்கினு இருக்கிறவன். வேணாம்னா எழுந்துக்கலாம்."

நல்ல பதில்தான். விடவில்லை. "எழுந்துட்டேன் ஐயா. அதுக்கு எதுக்கு நெருப்பு?"

போதகர் காபியைத் தொடவில்லை. "ஞாயித்துக்கிழமை திருவிருந்து எடு. இல்லன்னா கல்யாணம் இல்ல."

வாதத்தில் ஜெயித்தது நான். சந்தேகமே இல்லை. குளோரி கிடைக்காவிட்டால் ஜெயித்து என்ன செய்ய?

18-8-72, வெள்ளி

வாங்க: அட்டை கோக்க நூல், பிளேடு, சைக்கிள் டியூப். டியூப் மறந்தது.

குளோரி டீச்சராக இருக்கும் பள்ளிக்கூட வாசலில் நின்றேன். வழி கண்டுபிடித்த சந்தோஷம் எனக்கு.

"அப்பமும் ரசமும்தானே. வாயில போட்டுக்கினு வந்துடறேன். எனக்கு அது ஒண்ணும் இல்ல."

"உங்களுக்கு ஒண்ணும் இல்ல. எனக்கு அதுதான் எல்லாம். அதுல போயி பொய் சொல்லுவீங்களா?" அழவில்லை. கோபம். "எழுந்துட்டேன்னு அப்பாகிட்ட பெருமையா சொன்னீங்களாமே. மறுபடியும் போயி உக்காரப் போறீங்களா?"

குடையை விரித்துக்கொண்டு போய்விட்டாள்.

20-8-72, ஞாயிறு

வெயில். சலவைச் சட்டை. சர்ச்சில் நல்ல கூட்டம். போதகர் எங்கள் பெயர்களை வாசித்து, தடை சொல்பவர் உண்டா என்றார். யாரும் பதில் சொல்லாத கேள்வி. கேட்கும்போதே ஜனங்கள் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டுவார்கள்.

எழுந்தேன்.

"தடை இருக்குது ஐயா. மாப்பிள்ளைக்கு விசுவாசம் இல்ல. பொய்யா முட்டி போட மாட்டேன்."

பின்னால் யாரோ: "மாப்பிள்ளையே தடை சொல்றாம்பா."

போதகர் பாட்டு நம்பரைத் தப்பாகச் சொன்னார். பாவமாக இருந்தது. வெளியே வந்துவிட்டேன். பெண்கள் பக்கம் திரும்பிப் பார்க்க மட்டும் தைரியம் இல்லை.

21-8-72, திங்கள்

டீக்கடையில் ஒருவர் கை குலுக்கினார். இன்னொருவர் பாதி டீயோடு எழுந்து போனார். வேலை ஓடவில்லை.

மாலையில் குளோரி. உள்ளே வராமல் வாசற்படியிலேயே நின்றாள்.

"ரிஜிஸ்டர் ஆபீஸ்ல பண்ணிக்கலாம். ஆனா ஞாயித்துக்கிழமை நான் சர்ச்சுக்குப் போவேன்."

"போ. நான் தடுக்க மாட்டேன்."

"நீங்க நரகத்துக்குத்தான் போவீங்கன்னு அப்பா சொல்றாரு. நானும் அப்படித்தான் நம்பறேன்." குடையை மடக்கினாள். "அதுவரைக்குமாவது ஒரே வீட்டுல இருக்கலாம்."