சிவப்பு நூலில் ஒரு பொத்தான்

ஜூன் 4

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலிக்கு மருந்து வாங்கினீர்களா, இல்லை அங்கே நீங்கள் வேலை பார்க்கும் வீட்டுக் கிழவருக்கு மருந்து கொடுப்பதோடு சரியா? போனில் எனக்குப் பேச்சே வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

பழைய கல்குவாரிக் குட்டையில் தண்ணீர் இறைத்தபோது எலும்புகள் கிடைத்தனவாம். போன வருஷம் அக்காவைக் காணோம் என்று நான் புகார் கொடுத்திருந்ததால் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். "அங்கயாவது வாயத் திறப்பியா, இல்ல தலையாட்டிட்டு வந்துடுவியா?" என்று தையல் கடை முதலாளி கேட்டார். கடையில் எல்லாரும் சிரித்தார்கள்.

இன்ஸ்பெக்டர் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு துணித்துண்டைக் காட்டினார். நீலப் பூப்போட்ட சட்டை. பொத்தான் சிவப்பு நூலில் இருந்தது. அம்மா, நீல நூல் தீர்ந்துபோய் நான் தைத்த பொத்தான் அது. அக்காவின் அகலத் தோளை அளவெடுக்கும்போது கடையில் சிரிப்பார்கள் என்று அவள் துணியை நான்தானே தைப்பேன்?

நான் சொல்வதற்குள் அவர் முந்திக்கொண்டார். "பயப்படாதம்மா. எலும்புல டி.என்.ஏ. எடுத்துப் பாத்துட்டாங்க. இது ஆம்பள. நீ தேடுறது பொம்பள. துணி எங்கிருந்தாவது அடிச்சிட்டு வந்திருக்கும். நிம்மதியா வீட்டுக்குப் போ."

"சரி சார்" என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். பஸ் நிறுத்தத்தில்தான் எனக்கு உறைத்தது. நீங்கள் மகன் என்று பெற்றதுதானே என் அக்கா? புகாரில் பெண் என்று சொன்னது நான்தான். வேறு எப்படிச் சொல்வேன்?

என்ன செய்யட்டும்?

உங்கள் பூனை


ஜூன் 20

என் பூனைக்குட்டிக்கு,

அம்மாவின் முத்தம். தனியாகச் சமைக்கச் சோம்பல்பட்டு பிஸ்கட்டில் பொழுதை ஓட்டாதே. வாசல் தாழ்ப்பாளைச் சரிசெய்தாயா?

உன் கடிதத்தைக் குளியலறையில் வைத்துப் படித்தேன். குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டேன், சத்தம் வெளியே கேட்கக் கூடாதே.

நீ எங்கேயும் போகாதே. பெரியவன் எங்கேயோ இருக்கிறான். ரோஷக்காரன், ஒருநாள் வந்து நிற்பான். அவனுக்கு வாங்கிய கைக்கடிகாரம் என் பெட்டியில் இருக்கிறது. அதைக் கட்டிப் பார்க்காமல் எங்கே போய்விடுவான்? போலீஸே இல்லை என்கிறது. நமக்கு நல்லதாகச் சொல்கிறவர்களிடம் போய் ஏன் மறுத்துப் பேச வேண்டும்? நீ வாயைத் திறந்தால் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். நாளைக்கு உன்னை யார் கட்டிக்கொள்வார்கள்? எப்போதும் பேசாமல்தானே இருப்பாய், இதிலும் இருந்துவிடு.

அம்மா


ஜூலை 9

அன்புள்ள அம்மாவுக்கு,

தாழ்ப்பாளைச் சரிசெய்துவிட்டேன். ஒன்றிலாவது உங்கள் பேச்சைக் கேட்டிருக்கிறேன், கோபிக்காதீர்கள்.

ஸ்டேஷனுக்குப் போகப் பயமாக இருந்தது. எலும்பைச் சோதித்த ஆய்வுக்கூடத்துக்கே போனேன். "யாரப் பாக்கணும்?" என்று வாசல் காவலாளி கேட்டதற்குப் புகார்ச் சீட்டை நீட்டினேன். கண்ணாடி போட்ட ஒரு மேடம் வந்தார். தரையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

"இந்த எலும்புல எக்ஸ், ஒய் குரோமோசோம் ரெண்டும் இருந்துச்சும்மா. அதனால ஆண்னு எழுதினேன். அது தப்பில்ல. ஆனா அவங்க எப்படி வாழ்ந்தாங்கன்னு எலும்பு சொல்லாது. அத யாராவது வந்துதான் சொல்லணும்" என்றார். பிறகு, "அவங்க பிரஷ், சீப்பு ஏதாவது வச்சிருக்கியா?"

இருந்தது. குளியலறைக் குவளையில் என் பிரஷ்ஷுக்குப் பக்கத்திலேயே அக்காவின் மஞ்சள் பிரஷ் நின்றுகொண்டிருந்தது. நான் அதைத் தொட்டதே இல்லை. தொட்டால் எடுத்துவைக்க வேண்டியிருக்குமே. கைக்குட்டையால் பிடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

நேற்றுக் கூப்பிட்டுச் சொன்னார்கள். பிரஷ்ஷில் இருந்ததும் எலும்பில் இருந்ததும் ஒரே ஆள். அக்காதான் அம்மா. எப்படி அங்கே போனாள் என்று போலீஸ் இனிமேல்தான் விசாரிக்குமாம்.

"நீ அவங்களுக்கு என்ன வேணும்?" என்று மேடம் கேட்டார். "தங்கச்சி. அவங்க என் அக்கா" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, காவலாளி திரும்பிப் பார்த்தார்.

குவளையில் இப்போது ஒரு பிரஷ்தான். நிற்க மாட்டேன் என்கிறது, ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுகிறது. அடக்கம் செய்ய உங்களுக்காகக் காத்திருக்கிறேன். வருவீர்களா?

உங்கள் பூனை


ஜூலை 27

பூனைக்குட்டிக்கு,

விடுப்புக் கேட்டேன். கிழவரை விட்டுப் போனால் திரும்பி வர வேண்டாம் என்கிறார்கள். நீ தனியாகத்தான் கொண்டுபோக வேண்டும். இதையும் உன் தலையிலேயே கட்டுகிறேன்.

கைக்கடிகாரத்தை இங்கே என்னோடு வேலை செய்கிறவளிடம் கொடுத்துவிட்டேன், அவள் மகன் கட்டிக்கொள்ளட்டும்.

எனக்காக ஒன்று செய். எலும்புக்கு எதற்கு என்று கேட்காதே. உன் அக்காவுக்குப் புதிதாக ஒரு சட்டை தைத்துப் பெட்டியில் வை. நீலமாகவே எடு. தோள் அளவு எனக்குத் தெரியாது, உனக்குத்தான் தெரியும்.

நீல நூல் இருந்தாலும் பொத்தானுக்குச் சிவப்பையே போடு. யார் தைத்தது என்று அவளுக்குத் தெரியட்டும்.

அம்மா