வாடாத குதிரைமசால்

அப்பாவுக்கு,

மாட்டுத் தீவனத்துக்கென்று நீங்கள் விதைத்துவிட்டுப் போன குதிரைமசால் முழங்கால் உயரம் வந்துவிட்டது. ஞாயிறு காலை மழையில் செவலைப் பசு பசியில் கத்தியது. அரைநாள் வாட விட்டு, வைக்கோல் கலந்து போடச் சொல்லியிருந்தீர்கள்; நான் ஈரத்தழையை அப்படியே போட்டேன்.

செவலைக்கு வயிறு உப்பியதும் உதவி கேட்கப் பக்கத்து வீட்டுக் கதவு வரை போனேன். தட்டக் கூச்சப்பட்டுத் திரும்பிவிட்டேன். வெளியே போயிருந்த அம்மா வந்துதான் மாட்டு மருத்துவரை அழைத்தாள்.

"ஒரு மணி நேரம் முன்னாடி கூப்பிட்டிருக்கக் கூடாதாம்மா?" என்று அவர் என்னிடம் கேட்டார்.

"வாயைத் தொறந்தா முத்தா கொட்டிடும்?" என்று அம்மா என்னைத் திட்டினாள்.

தொழுவத்தில் இப்போது கன்று மட்டும் இருக்கிறது. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு நான் பார்த்துக்கொண்டது செவலையைத்தான்.

கன்றுக்குத் தழையைச் சருகாகும் வரை உலர்த்திப் போடுகிறேன். முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறது. கன்றுக்கும் அரைநாள் வாடினால் போதுமா என்று மட்டும் எழுதுங்கள்.

உங்கள் இளைய மகள்